இம்யூனோகுளோபுலின் ஏற்றும் முன் இன்னொரு முறை ரத்தம் எடுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: வண்ணாரப்பேட்டை பெரியம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை மகனுக்காகக் கேட்கிறேன். தங்கை உட்கார்ந்து எழுதும் நிலையில் இல்லை. அவள் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். கடலுக்குள் போய்விட்டால் போனில் பிடிக்க முடியாது. ரிப்போர்ட் வாங்குவது, வரிசையில் நிற்பது, மருத்துவரிடம் வாயைத் திறந்து கேட்பது எல்லாம் என் தலையில்தான். பழைய வண்ணாரப்பேட்டையில் பிளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூவில் உயிரியல் படித்தவள் என்பதால் வீட்டில் எனக்கு அரை டாக்டர் பட்டம் வேறு கொடுத்திருக்கிறார்கள்.

பையனுக்கு நாலு வயது நிறையப் போகிறது. எடை 14 கிலோ. பிறந்து ஆறேழு மாதம் வரை கொழுகொழு என்று இருந்தான். அதற்குப் பிறகு சளி, காதில் சீழ், வாய்ப்புண், மறுபடி சளி. ஒரு வயதில் நிமோனியா வந்து ஆக்சிஜன் வைத்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் பார்த்த கிளினிக்கில் 'பிரைமரி காம்ப்ளெக்ஸ்', அதாவது குழந்தைகளுக்கு வரும் காசநோய், என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். எங்கள் பக்கத்தில் தேறாத பிள்ளை எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். மாத்திரை முடிந்தது, இருமல் முடியவில்லை. அந்தக் காலம் முழுக்க ஒருவர்கூட இவன் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது எழும்பூரில் ஒரு மருத்துவரிடம் காட்டுகிறோம். அவர் பையனைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, "உங்கள் அம்மா வழியில் ஆண் குழந்தை யாராவது சின்ன வயதில் இறந்திருக்கிறார்களா?" என்று கேட்டார். எனக்கும் தங்கைக்கும் நடுவில் ஒரு தம்பி இருந்தான். இரண்டு வயதில் போய்விட்டான். 'மார்ச்சளி' என்று அம்மா சொல்வாள். அதற்கு மேல் அவளிடம் யாரும் கேட்டதில்லை.

ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். ஐ.ஜி. என்று தொடங்குபவை எல்லாம் எதிர்ப்புப் புரதத்தின் வகைகள். ஐ.ஜி.ஜி. 130. ஐந்நூறுக்கு மேல் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். ஐ.ஜி.ஏ. பத்துக்கும் கீழே. ஐ.ஜி.எம். மட்டும் 340, அதற்கு எதிரே 'அதிகம்' என்று ஒரு குறி. நியூட்ரோபில் என்ற வெள்ளணு 800. எதிர்ப்புப் புரதம் செய்யும் பி செல்கள் 21 சதவீதம், வயதுக்குச் சரியான அளவு என்று எழுதியிருக்கிறது. கடைசி வரியில் 'வகை மாறிய நினைவு பி செல்கள் 0.3 சதவீதம்' என்று போட்டு அடிக்கோடு இழுத்திருக்கிறார்கள்.

மாதாமாதம் இம்யூனோகுளோபுலின், அதாவது வெளியிலிருந்து எதிர்ப்புப் புரதம், ஏற்ற வேண்டும் என்கிறார் மருத்துவர். அதற்கு முன்னால் டெட்டனஸ், தட்டம்மை, ஹெபடைடிஸ் பி ஊசிகளுக்கு உடம்பு என்ன பதில் கொடுத்திருக்கிறது என்று பார்க்க ரத்தம் எடுக்க வேண்டுமாம். கூடவே சி.டி. 40 லிகண்ட் என்று ஒரு பரிசோதனை, மரபணுப் பரிசோதனை ஒன்று. கோட்ரிமாக்சசோல் என்ற சிரப்பும் எழுதிக் கொடுத்தார்.

இங்கேதான் சண்டை ஆரம்பித்தது. தங்கையின் மாமியார் எங்களுக்கு அத்தை, அப்பாவுடன் பிறந்தவர். "குச்சிக் கை, அதில் எத்தனை தடவை குத்துவது? தெரிந்த நர்சிங் ஹோமில் நாளைக்கே பாட்டில் ஏற்றித் தருகிறேன் என்கிறார்கள், ஏற்றிவிட்டு மற்றதைப் பாருங்கள்" என்கிறார். சிரப்பையும் நிறுத்திவிட்டார், காய்ச்சல் இல்லாத பிள்ளைக்கு எதற்கு மருந்து என்று கேட்கிறார். தெருவோ தன் பங்குக்கு, சொந்தத்தில் கட்டியதால் வந்த வினை என்று தீர்ப்பு எழுதிவிட்டது.

என் கேள்விகள். தடுப்பூசி அட்டையில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. அப்படியிருக்க, ஊசி வேலை செய்ததா என்று ஏன் சந்தேகம்? பி செல் போதுமான அளவு இருக்கும்போது ஐ.ஜி.ஜி. மட்டும் ஏன் இல்லை? ஐ.ஜி.எம். அதிகம் என்பது நல்லதுதானே? ரத்தம் எடுக்காமல் ஏற்றினால் என்ன கெட்டுப்போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில்: கொளத்தூர் வாசகர்

பயப்படாதீர்கள் சகோதரி. குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவது இந்தக் காலத்தில் சகஜம். வாரம் ஒரு முறை நிலவேம்புக் குடிநீர், காலையில் முளைகட்டிய பயறுக் கஞ்சி. என் பேரனுக்கு இப்படித்தான் சரியானது.


பதில்: வியாசர்பாடி ஆய்வகத்துக்காரர்

மேலே எழுதியிருக்கும் நண்பரின் பேரனுக்கு இருந்தது வேறு, இந்தப் பையனுக்கு இருப்பது வேறு. கஞ்சி நல்ல உணவு, குடிக்கட்டும். ஐ.ஜி.ஜி. 130 இருக்கும் பிள்ளையைக் கஞ்சியை நம்பி விடக் கூடாது.

அம்மா, நான் மருத்துவன் அல்ல. ரத்த அணுக்களைச் சாயமேற்றி எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவன். நோய்ப் பெயரை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவர் கேட்டிருக்கும் பரிசோதனைகளைப் பார்த்தால் ஆள் விஷயம் தெரிந்தவர் என்று தெரிகிறது, அவரை விடாதீர்கள்.

அவசரமான கேள்விக்கு முதலில் வருகிறேன். ரத்தம் எடுத்த பிறகுதான் ஏற்ற வேண்டும். ஆனால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கையில் ஊசி போட்டதும் அதன் வழியே தேவையான ரத்தத்தை எடுத்துக்கொண்டு, அதே ஊசியில் பாட்டிலை மாட்டலாம். முடிவு இரண்டு வாரம் கழித்து வந்தால் வரட்டும். ரத்தம் முன்னால் எடுத்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் அத்தைக்கும் மருத்துவருக்கும் நடுவில் உண்மையில் சண்டையே இல்லை.

ஏற்றிய பிறகு எடுத்தால் என்ன ஆகும்? அந்தப் பாட்டிலில் இருப்பது ஆயிரக்கணக்கான பேரின் பிளாஸ்மாவை ஒன்றாகச் சேர்த்துப் பிரித்த ஐ.ஜி.ஜி. கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தட்டம்மை வந்திருக்கும், அல்லது ஊசி போட்டிருப்பார்கள். பாட்டில் ஏறிய மறுநாள் சோதித்தால் உங்கள் பையனுக்கும் தட்டம்மை எதிர்ப்பு இருப்பதாகத்தான் வரும், டெட்டனஸுக்கும் அப்படியே. அவனுக்கு வந்தே இராத ஹெபடைடிஸ் பி நோய் முன்பு வந்துபோனது போலக்கூட ஒரு ரிப்போர்ட் வந்து வீட்டையே கலக்கும். எல்லாம் இரவல். ஐ.ஜி.ஜி. உடம்பில் பாதியாகக் குறையவே மூன்று வாரம் ஆகும். மாதாமாதம் ஏற்றும்போது இரவல் தீராது. தீர்த்துத்தான் பார்ப்பேன் என்றால் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்க வேண்டும். இப்படி ஒரு பிள்ளைக்கு எந்த மருத்துவர் அதைச் செய்வார்? ஆகவே இவன் உடம்பு தானாக என்ன செய்தது என்று பார்க்க, முதல் பாட்டிலுக்கு முந்தைய ரத்தத்தை விட்டால் வேறு நல்ல வாய்ப்பு இல்லை.

இனி எண்களுக்கு வருவோம். ஐ.ஜி.ஜி. குறைவு என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. பிறந்து சில மாதங்களில் தாயிடமிருந்து வந்த ஐ.ஜி.ஜி. தீர்ந்து, சொந்தத் தயாரிப்பு தாமதமாகும் குழந்தைகள் உண்டு. அவர்கள் டெட்டனஸ் ஊசிக்கு ஒழுங்காகப் பதில் கொடுப்பார்கள். இரண்டு மூன்று வயதில், சிலருக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாக, எண் தானாக ஏறிவிடும். ஆயுளுக்கும் பாட்டில் தேவைப்படும் பிள்ளைக்கும் அப்படிப்பட்ட பிள்ளைக்கும் ஐ.ஜி.ஜி. எண் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். தடுப்பூசிக்குக் கொடுத்த பதிலும் நினைவு பி செல்லும்தான் இருவரையும் பிரித்துக் காட்டும்.

உங்கள் பையனுக்கு டெட்டனஸ் மருந்து, அட்டைப்படி, கைக்குழந்தையாக இருந்தபோது மூன்று முறை, ஒன்றரை வயதை ஒட்டி ஒரு முறை உள்ளே போயிருக்கிறது. ஊசி போட்டவர் தன் வேலையைச் செய்துவிட்டார். உடம்புக்குள் நடக்க வேண்டியது வேறு. பி செல் ஒரு புதிய எதிரியைக் கண்டதும் முதலில் செய்வது ஐ.ஜி.எம். அதன் பிறகு நிணநீர்க் கணுவிலும் டான்சிலிலும் இருக்கும் முளைமையம் என்ற இடத்துக்குப் போக வேண்டும். அங்கே உதவி டி செல் ஒன்று தன் மேற்பரப்பில் சி.டி. 40 லிகண்ட் என்ற புரதத்தை நீட்டும். பி செல்லின் மேல் இருக்கும் சி.டி. 40 அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தத் தொடுகை கிடைத்தால்தான் பி செல் ஐ.ஜி.எம்.மை விட்டு ஐ.ஜி.ஜி.க்கோ ஐ.ஜி.ஏ.வுக்கோ மாறும், எதிரியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்படி தன்னைத் திருத்திக்கொள்ளும், ஒரு பகுதி நினைவு செல்லாகத் தங்கும். தொடுகை கிடைக்கவில்லை என்றால் ஐ.ஜி.எம்.மிலேயே நின்றுவிடும். ஐ.ஜி.எம். 340 என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பி செல் 21 சதவீதம் இருந்தும் ஐ.ஜி.ஜி. இல்லாததற்கு இப்படி ஒரு காரணம் இருக்கலாம்; குறை பி செல்லில்தான் என்று சொல்லிவிட முடியாது.

உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். வாடிக்கையாளர் அளவு பிளவுஸ் ஒன்றைக் கடையில் கொடுத்து வைத்திருந்தால் அடுத்த துணி வந்த அன்றே வெட்டலாம். நினைவு பி செல் அந்த அளவு பிளவுஸ். அதே கிருமி மறுபடி வந்தால் சில நாட்களிலேயே ஐ.ஜி.ஜி. குவிந்துவிடும். இவனிடம் அது இல்லாததால் ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே ஐ.ஜி.எம்.மில் ஆரம்பித்து அங்கேயே முடிகிறது.

0.3 சதவீதம் என்ற எண்ணை எப்படி எடுக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. சாயம் போடுவதற்கு முன் ரத்தத்தை உப்புக் கரைசலில் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும். பிளாஸ்மாவில் மிதக்கும் எதிர்ப்புப் புரதங்கள் எஞ்சியிருந்தால், செல்லில் ஒட்ட வேண்டிய சாயத்தை அவை இழுத்துக்கொள்ளும். கழுவியதில் சோம்பல் காட்டியவன் ரிப்போர்ட் நம்ப முடியாத ரிப்போர்ட். பிறகு பி செல்களை மட்டும் பிரித்துத் திரையில் நான்கு கட்டமாகப் போடுவோம். குறுக்கே ஐ.ஜி.டி., அது வகை மாறாத செல்லின் அடையாளப் புரதம்; நெடுக்கே சி.டி. 27, அது நினைவு செல்லின் அடையாளப் புரதம். இன்னும் எதையும் சந்திக்காத புது செல்கள் கீழே வலது கட்டத்தில் அடர்த்தியாக அப்பிக் கிடக்கும். மேலே இடது கட்டம்தான் வகை மாறிய நினைவு செல்களின் இடம். பெரியவர்களிடம் அங்கே பத்து, பதினைந்து சதவீதம் சாதாரணம். பிறந்த குழந்தையிடம் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. வயது ஏற ஏறத்தான் நிரம்பும். அதனால் ஒரு வயதுக்குள் இந்த எண்ணைப் பார்த்துப் பதறக் கூடாது. நாலு வயதில் அந்தக் கட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி தெரிந்தால் எனக்கே கை நிற்கும். ரத்தத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

சி.டி. 40 லிகண்ட் பரிசோதனைக்கு ஒரு எச்சரிக்கை. அது சும்மா இருக்கும் டி செல்லில் தெரியாது. ஆய்வகத்தில் டி செல்லைச் சில மணி நேரம் தூண்டி, வெளியே வரவைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு உயிரோடு இருக்கும் செல் வேண்டும். ஹெப்பாரின் போட்ட பச்சை மூடிக் குழாய் வேண்டும். வழக்கமான ஊதா மூடிக் குழாயில் இருக்கும் பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் தூண்டல் சரியாக நடக்காது. ஐஸில் வைத்துக் கொண்டுபோகக் கூடாது. மகனோடு தாயின் ரத்தத்தையும், வெளியாள் ஒருவரின் ரத்தத்தையும் சேர்த்து ஓட்டினால்தான் ஒப்பிட முடியும். சிலரிடம் புரதம் மேலே தெரியும், ஆனால் வேலை செய்யாது. மரபணுப் பரிசோதனையும் கேட்டிருப்பது அதனால்தான்.

தெருவின் தீர்ப்பைப் பற்றி. சி.டி. 40 லிகண்ட் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பல ஆராய்ச்சிக் குழுக்கள் அதைக் கண்டுபிடித்தது 1993இல். தாய் சுமப்பார், நோய் மகனுக்கு வரும். உங்கள் தம்பியும் இவனும் அந்தக் கோட்டில் பொருந்துகிறார்கள். அப்படியென்றால் தங்கை யாரைக் கட்டியிருந்தாலும் இது இப்படித்தான் வந்திருக்கும். அத்தை மகனுக்கு இதில் பங்கே இல்லை. இதே தோற்றத்தில் வரும் வேறு குறைகளும் உண்டு. சி.டி. 40 இல்லாமை, ஏ.ஐ.டி. என்ற நொதி இல்லாமை ஆகியவை தாய், தந்தை இருவரிடமிருந்தும் வர வேண்டும். அங்கே சொந்தத்துத் திருமணம் கணக்கில் வரும். ஏ.ஐ.டி. குறையில் டான்சிலும் கணுக்களும் பெருத்திருக்கும், சி.டி. 27 உள்ள செல்களும் இருக்கும், வகை மாற்றம் மட்டும் நடக்காது. உங்கள் மருத்துவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்திருப்பார், கேட்டுப் பாருங்கள். எதுவானாலும் மரபணு முடிவு வரும்வரை தெருவை வாயை மூடச் சொல்லுங்கள்.

சிரப்பை இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள். அது காய்ச்சலுக்கான மருந்து அல்ல. நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை நுரையீரலில் குடியேறாமல் தடுக்கக் கொடுப்பது. சி.டி. 40 லிகண்ட் பி செல்லோடு மட்டும் பேசுவதில்லை, கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ்களையும் அதுதான் உசுப்புகிறது. பாட்டிலால் அந்த வேலையைச் செய்ய முடியாது.


பதில்: எர்ணாவூர் அப்பா

ஆய்வகத்துக்காரர் ஐயா சொன்னதற்கு மேல் அறிவியல் எனக்குத் தெரியாது. என் மகனுக்குப் பதினொரு வயது. அவனுக்கு புரூட்டன் வகை, பி செல்லே உருவாகாத பிறவிக் குறை. ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் 1952இல் ஒரு எட்டு வயதுப் பையனிடம் முதன்முதலாகக் கண்டு எழுதியது. என் மகன் ரிப்போர்ட்டில் பி செல் ஒரு சதவீதம்கூட இல்லை. நினைவு செல்லைத் தேடும் பேச்சே எழவில்லை. உங்கள் பிள்ளைக்கு பி செல் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. ஆனாலும் இரண்டு பேரும் மாதம் ஒரு நாள் ஒரே மாதிரிக் கட்டிலில் படுக்கப்போகிறவர்கள். அதனால் கட்டில் பக்கத்து விஷயங்களைச் சொல்கிறேன்.

அளவு எடைக்கு ஏற்ப. எங்களுக்குக் கிலோவுக்கு 0.4 கிராமில் ஆரம்பித்தார்கள். 14 கிலோ என்றால் ஐந்து, ஆறு கிராம் வரும். பிள்ளை எடை ஏறும்போது அளவும் ஏற வேண்டும். ஒவ்வொரு முறையும் எடை போடச் சொல்லிக் கேளுங்கள், பழைய சீட்டைப் பார்த்து அதே பாட்டிலை மாட்டிவிடுவார்கள். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை அறைச் சூட்டுக்கு வரவிட்டு மாட்ட வேண்டும். குலுக்கக் கூடாது, நுரை கட்டிவிடும். முதல் அரை மணி நேரம் சொட்டு மிக மெதுவாகப் போக வேண்டும். நடுக்கம், தலைவலி, முதுகுவலி வந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்தாலே பெரும்பாலும் அடங்கும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டி இரண்டு மணி நேரத்தில் முடித்து அனுப்புகிற இடத்துக்குப் போகாதீர்கள். அத்தை சொல்லும் நர்சிங் ஹோமில் குழந்தைக்கு இதை ஏற்றிப் பழக்கம் உண்டா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள். முந்தைய இரவிலிருந்தே தண்ணீர் நிறையக் குடிக்க வைத்தால் தலைவலி குறைகிறது என்பது எங்கள் அனுபவம்.

பாட்டிலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்து ஒரு நோட்டில் ஒட்டி வையுங்கள், தேதியோடு. எந்தக் கம்பெனி, எந்தத் தொகுதி என்பது என்றைக்காவது தேவைப்படும். என் மனைவி அந்த நோட்டைப் பத்திரம் வைத்திருக்கும் பீரோவில்தான் பூட்டி வைக்கிறாள்.

அடுத்த பாட்டிலுக்குச் சற்று முன்னால் ஐ.ஜி.ஜி. எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது ஐந்நூறைத் தாண்டிய பிறகும் சளி ஓயவில்லை. மருத்துவர் அளவை ஏற்றி எழுநூறு, எண்ணூறில் நிறுத்திய பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறான்.

பணம். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில், இம்யூனோகுளோபுலின் தேவைப்படும் பிறவி எதிர்ப்புக் குறைபாடுகளும் இருக்கின்றன. மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். நோய்ப் பெயர் உறுதியானால்தான் காகிதம் நகரும். அதற்காகவாவது அந்த ரத்தத்தை எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் பற்றி ஐயா சொல்வார் என்று நினைத்தேன், விட்டுவிட்டார். உங்கள் மருத்துவர் சந்தேகப்படும் வகையில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி பெரிய ஆபத்து. வயிற்றுப்போக்கோடு நிற்காமல் பித்தநாளம், கல்லீரல் வரை போகும். எங்கள் சிகிச்சை அறையில் பக்கத்துக் கட்டில் பையனுக்கு அந்த வகை; அவன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். குளோரின் அதை ஒன்றும் செய்வதில்லை. லாரித் தண்ணீரோ, குழாய்த் தண்ணீரோ, காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீரோ, தளதளவென்று கொதித்த பிறகுதான் அவன் வாய்க்குள் போக வேண்டும். பல் துலக்கவும் அதே தண்ணீர்.


பதில்: வண்ணாரப்பேட்டை பெரியம்மா

இருவருக்கும் நன்றி. நேற்று இரவு அத்தையை உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "அதே ஊசியில் எடுக்கலாம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நான் ஏன் கத்தப்போகிறேன்?" என்றார். சிரப்பைத் தானே எடுத்து ஊற்றிக் கொடுத்தார். மகன் மேல் பழி இல்லை என்ற இடத்தை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார்.

அம்மாவிடம் தம்பியைப் பற்றிக் கேட்டேன். அவனுக்கும் வாயெல்லாம் புண்ணாகவே இருக்கும், சோறு வைத்தால் அழுவான் என்றாள். மருத்துவரிடம் சொல்ல எழுதி வைத்திருக்கிறேன்.

தொண்டையைப் பற்றியும் கேட்டேன். மருத்துவர் அன்றைக்கே பார்த்துக் குறித்திருக்கிறார். டான்சில் இருக்கும் இடமே தெரியவில்லை என்றார்.

இன்னும் மூன்று கேள்விகள். தங்கைக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். போலியோ சொட்டு மருந்து நாள் வந்தால் எங்கள் தெரு முனையில் பந்தல் போட்டு, வீடு வீடாகவும் வருவார்கள். அவளுக்கு ஊற்றலாமா? ஐந்து வயதில் பையனுக்குப் போட வேண்டிய ஊசி இருக்கிறதே, அதைப் போடலாமா? மூன்றாவது என்னைப் பற்றியது. எனக்கு ஒரே மகள், கல்லூரி முடிக்கப் போகிறாள். நானும் இதைச் சுமக்கிறேனா?


பதில்: வியாசர்பாடி ஆய்வகத்துக்காரர்

டான்சில் தெரியவில்லை என்றால் ஏ.ஐ.டி. பக்கம் சாய்வு குறைகிறது. மற்றதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைத்த, ஆனால் உயிருள்ள வைரஸ். குடித்த குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். வீட்டில் எதிர்ப்புப் புரதம் இல்லாத பிள்ளை இருந்தால் அது அவன் குடலில் தங்கி, மாதக்கணக்கில் பெருகி, மாறிவிட வாய்ப்பு உண்டு. ஆகவே பையனுக்கும் கூடாது, பாப்பாவுக்கும் கூடாது. பாப்பாவுக்கு ஊசி வழி போலியோ மருந்து போடலாம். அதில் இருப்பது செயலிழந்த வைரஸ். பந்தலில் இருக்கும் பெண்களோடு சண்டைக்குப் போகாதீர்கள், அவர்கள் வேலை விரலில் மை வைப்பது. மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக் காட்டுங்கள். போலியோ ஒழிந்துவிட்டது என்று 2014இல் இந்தியாவுக்குச் சான்று கிடைத்தாலும் இந்தச் சொட்டு நாட்கள் நிற்கவில்லை, ஆகவே கடிதம் பலமுறை பயன்படும்.

ஐந்து வயது ஊசி உயிரற்ற மருந்து. ஆபத்து இல்லை. பலனையும் எதிர்பார்க்காதீர்கள், பாட்டிலில் வரும் ஐ.ஜி.ஜி.தான் இப்போதைக்கு அவன் தடுப்பூசி. வீட்டில் மற்ற எல்லோரும் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டால் அவனுக்குப் பெரிய உபகாரம். உங்கள் கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் இருமல் உங்கள் வழியாகத்தான் அவனிடம் போகும்.

மூன்றாவது கேள்வி. பையனுக்கு எக்ஸ் குரோமோசோம் குறைதான் என்று உறுதியாகி, உங்கள் தம்பியும் அதில்தான் போனார் என்று வைத்துக்கொண்டால், உங்கள் அம்மா சுமப்பவர், தங்கையும் சுமப்பவர். நீங்கள் சுமப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களிடம் இருந்தால் மகளிடம் இருக்க அதில் பாதி. சுமப்பவர்களுக்குப் பெரும்பாலும் நோய் எதுவும் வருவதில்லை. பையனின் மரபணுவில் எந்த இடத்தில் எழுத்து பிசகியிருக்கிறது என்று தெரிந்த பிறகு, அந்த ஒரு இடத்தை மட்டும் உங்களிடம் பார்த்தால் போதும்; முதலில் நீங்கள், உங்களிடம் இருந்தால் மட்டும் மகள், அதுவும் அவள் சம்மதத்தோடு. இதை மாப்பிள்ளை பார்க்கும்போது தரகரிடம் சொல்ல வேண்டிய செய்தியாக்காதீர்கள். அவள் பிள்ளை பெறும் காலத்தில் அவள் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது. தெரிந்திருந்தால் பிறக்கும் ஆண் குழந்தையை முதல் வாரத்திலேயே சோதித்துவிடலாம், எட்டாம் மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. சி.டி. 40 லிகண்ட் குறை என்று உறுதியானால் மருத்துவர் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவார். பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள். புது மஜ்ஜையிலிருந்து வரும் டி செல் அந்தப் புரதத்தைச் சரியாகச் செய்யும். பி செல் வகை மாறும். நினைவு செல் உருவாகும். பாட்டிலையே விட்டுவிடலாம் என்ற நிலைக்குப் போனவர்கள் உண்டு. கல்லீரலும் நுரையீரலும் கெடுவதற்கு முன் செய்தால் பலன் அதிகம். பாப்பாவின் மஜ்ஜை பொருந்துகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

ரத்தம் கொடுக்கப் போகும் அன்று செய்ய வேண்டியது: படிவத்தில் 'இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதற்கு முன் எடுத்தது' என்று எழுதச் சொல்லி, நேரத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் சீரத்தைப் பிரித்து உறைநிலையில் எடுத்துவைக்க முடியுமா என்றும் கேளுங்கள். பின்னால் வேறு ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் கை கொடுக்கும். பச்சை மூடிக் குழாயை மறக்காதீர்கள், தங்கையும் கூட வர வேண்டும். திங்கள் அல்லது செவ்வாய் காலையில் போங்கள். வெள்ளிக்கிழமை மாலை எடுத்த ரத்தம் திங்கட்கிழமை வரை அப்படியே கிடக்கும்; அதில் செல் எதுவும் தூண்டலுக்குப் பதில் சொல்லாது, பிள்ளையை மறுபடி குத்த வேண்டிவரும்.